எவ்வளவு கலக்கினாலும்

தமிழில் ஒருவரை மனசாரப் பாராட்ட வேண்டுமென்றால் "கலக்கிட்ட" என்கிறோம். சும்மா கிடந்ததைச் சும்மா கிடக்க விடாதவனுக்குக் கிடைக்கும் பட்டம் அது. கலக்குவதன் மேல் நமக்குள்ள இந்த நம்பிக்கை சமையலறையில் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன். கிரைண்டர் இன்னும் பத்து நிமிஷம் ஓடினால் மாவு இன்னும் நைஸாகும். மிக்ஸியை இன்னொரு சுற்று விட்டால் சட்னியில் தேங்காய் நாக்கில் தட்டாது. தயிரை மத்தால் கடையக் கடைய கட்டி உடைந்து மோராகும். அதிகமாகக் கலக்கினால் சின்னதாகும். யாரும் சொல்லித் தராமலே நம் கைக்குத் தெரிந்துவிட்ட இயற்பியல் இது.

இந்த விதி செல்லுபடியாகாத ஒரு வெள்ளைத் திரவம் அநேகமாக உங்கள் வீட்டுச் சுவரிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தால் முதலில் கேட்கும் கேள்வி, "எமல்ஷனா, டிஸ்டெம்பரா?" அந்த எமல்ஷன் பெயிண்டில் நிறத்தைச் சுவரோடு பிடித்து வைப்பது, தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் உருண்டைகள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 100 நானோமீட்டரை ஒட்டிய அளவு. ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக வைத்தால் 700, 800 உருண்டைகள் நிற்கும். தண்ணீர் காயும்போது அவை ஒன்றோடொன்று நெருங்கி, நசுங்கி, ஒட்டி, ஒரே படலமாகிவிடும். அதன் பிறகு மழை பெய்தாலும் பெயிண்ட் கரையாது.

இந்த உருண்டைகளை யாரும் பெரிய பிளாஸ்டிக்கை அரைத்துச் செய்வதில்லை. தண்ணீருக்குள்ளேயே அவை பிறந்து வளர்கின்றன. தண்ணீர், எண்ணெய் மாதிரி மிதக்கும் மோனோமர், சோப்பு, வினையைத் தொடங்கி வைக்க ஓர் உப்பு. இந்த நான்கையும் ஒரு பாத்திரத்தில் விட்டு, சூடாக்கி, கலக்க வேண்டும். எமல்ஷன் பாலிமரைசேஷன் என்று பெயர். பாத்திரத்தின் நடுவே ஒரு தண்டு, அதன் முனையில் சுழலும் கத்தி. பார்த்த மாத்திரத்தில் மிக்ஸி ஞாபகம் வரும். வேகத்தைக் கூட்டினால் உருண்டை சின்னதாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

அப்படி ஆவதில்லை. இந்தக் கட்டுரை அந்த "இல்லை" பற்றியது. அந்த "இல்லை"யை "ஆமாம்" என்று மாற்றி எழுத மறுத்த ஒருத்தியைப் பற்றியதும்.

*

நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். இப்போது பிழைப்பது சாஃப்ட்வேரில். என் தலைமுறையில் இதற்கு விளக்கம் தேவைப்படாது. கடைசி வருஷம் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே கையில் கேம்பஸ் வேலை இருந்தது. அரியர் இல்லாமல் வெளியே வந்தால் போதும் என்ற நிலைமை. என் ப்ராஜெக்ட் பார்ட்னருக்கு அப்படியில்லை. அவளுக்கு மேலே படிக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டில். அதற்கு எங்கள் கைடு எழுதித் தரப்போகும் சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

கைடு கொடுத்த தலைப்பு நேரானது. ஸ்டைரீன் எமல்ஷன் பாலிமரைசேஷனில் கலக்கும் முறை துகளின் அளவை எப்படி மாற்றுகிறது? மூன்று கத்திகள், மூன்று வேகங்கள், ஒரு கிராஃப். வேகம் கூடக் கூட அளவு குறைகிற மாதிரி ஒரு சாய்கோடு வரும், அதற்கு ஒரு சமன்பாடு போட்டுவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

ஸ்டைரீன் வாசனை தெரியுமா? புதுப் பொம்மையின் கவரைப் பிரித்ததும் வருமே, கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் தலைவலியாக, அதை நூறு மடங்காக்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் வரும் ஸ்டைரீன் தானாகவே இறுகிவிடாமல் இருக்க அதில் ஒரு தடுப்பான் கலந்திருப்பார்கள். அதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி எடுக்க வேண்டும். பிறகு நான்கு கழுத்துள்ள கண்ணாடிக் குடுவை, 70 டிகிரி தண்ணீர்த் தொட்டி, உள்ளேயிருக்கும் ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் குழாய். ஆக்சிஜன் இருந்தால் வினை தொடங்காது, மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும். எல்லாம் சரியாக இருந்தால் குடுவையில் முதலில் ஒரு நீலம் தெரியும். வெயிலில் நீர்த்த பாலைப் பிடித்தால் ஓரத்தில் ஒரு நீலச்சாயல் தெரியுமே, அது. துகள்கள் பிறந்து இன்னும் மிகச் சின்னதாக இருக்கின்றன என்று அர்த்தம். அவை வளர வளர, நீலம் போய்ப் பால்வெள்ளை வரும்.

துகளை அளக்கும் கருவி எங்கள் கல்லூரியில் கிடையாது. சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, பழைய பேப்பரில் சுற்றி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு இன்னொரு கல்வி நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஒரு சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம். எங்கள் கையிலிருந்த காசுக்கு எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறோம்.

நிமிஷத்துக்கு 250 சுற்று, 350, 450. முடிவுகள் எல்லாம் 90 நானோமீட்டரைச் சுற்றியே வந்தன. கத்தியை மாற்றினோம். அதேதான். கிராஃபில் போட்டால் பாய் விரித்த மாதிரி ஒரு படுக்கைக்கோடு.

கைடு அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஸ்லோப்பே இல்லாத கிராஃப வச்சுக்கிட்டு வைவாவுல என்ன பேசப் போறீங்க?" என்றார். ஒரு புள்ளியைப் பென்சிலால் வட்டமிட்டார். "இது அவுட்லயர் மாதிரி இருக்கு. எடுத்துட்டா மிச்சம் கீழ இறங்குற மாதிரி தெரியும்." அதட்டிச் சொல்லவில்லை, உதவி செய்கிற தொனியில்தான் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் கிடையாது. அந்தத் துறையில் எல்லா ப்ராஜெக்டிலும் கோடு சாய்ந்துதான் ஆக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

வெளியே வந்ததும் அவள் சொன்னது: "அது அவுட்லயர் இல்லடா. அதுதான் நாம ரெண்டு தடவ ஓட்டிப் பாத்த புள்ளி."

*

கோடு ஏன் படுத்துக்கிடக்கிறது என்பதற்குக் காரணம் 1940களிலேயே எழுதப்பட்டுவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்கின்ஸ் 1947இல் படமாகச் சொன்னார். யு.எஸ். ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மித்தும் எவார்ட்டும் 1948இல் அதைக் கணக்காக்கினார்கள்.

சோப்பைத் தண்ணீரில் ஓர் அளவுக்கு மேல் போட்டால், அதன் மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். எண்ணெய்ப் பிடிப்புள்ள வால்கள் உள்ளே, தண்ணீர்ப் பிடிப்புள்ள தலைகள் வெளியே. பாத்திரம் கழுவும்போது பிசுக்கைத் தூக்கிக்கொண்டு போவதும் இதே கூட்டங்கள்தான். மைசெல் என்று பெயர். ஒன்றின் குறுக்களவு சுமார் 5 நானோமீட்டர். நாங்கள் பயன்படுத்திய சோப்பில் ஒரு மைசெலுக்கு ஏறக்குறைய 60 மூலக்கூறுகள்.

இப்போது குடுவைக்குள் இரண்டு விதமான வீடுகள் இருக்கின்றன. கத்தி உடைத்துப் போட்ட ஸ்டைரீன் துளிகள் ஒருபக்கம். ஒவ்வொன்றும் 1 முதல் 10 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிலிட்டரில் தோராயமாக 1000 கோடி துளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் மைசெல்கள். துளிகளைவிட அவை எண்ணிக்கையில் கோடி மடங்கு அதிகம். தண்ணீரில் கரைந்த பெர்சல்ஃபேட் உப்பு சூட்டில் உடைந்து, வினையைத் தொடங்கும் ராடிகல்கள் அங்கேயே, தண்ணீரிலேயே பிறக்கின்றன. அவை போய்ச் சேர ஓர் இடம் தேடுகின்றன. துளிகளின் மொத்தப் பரப்பைவிட மைசெல்களின் மொத்தப் பரப்பு நூறு மடங்குக்கும் மேல் பெரிது. ஆகவே ராடிகல்கள் அநேகமாக எல்லாமே மைசெல்லுக்குள்தான் போய் விழுகின்றன. துகள் பிறப்பது அங்கேதான். பெரிய ஸ்டைரீன் துளிகள் வெறும் மளிகைக்கடை. துகள் வளர வளர, துளியிலிருந்து ஸ்டைரீன் தண்ணீர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் துகளுக்கு நடந்துபோகிறது. கடைசியில் கடை காலியாகிவிடும்.

சரி, கத்தி எங்கே? அது துளிகளை உடைத்துக்கொண்டிருக்கிறது. மளிகைக்கடையை உடைத்து இரண்டு பெட்டிக்கடை ஆக்குவதால் ஊரில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை மாறாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கலக்கும்போது உருவாகும் சுழல்கள் பெரிதிலிருந்து சிறிதாக உடைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்குக் கீழே தண்ணீரின் பிசுபிசுப்பு அவற்றைத் தின்றுவிடும். அந்தக் கடைசிச் சுழலின் அளவைக் கோல்மகோரோவ் சொல்லிக்கொடுத்த வழியில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ தண்ணீருக்கு 1 வாட் வீதம் சக்தி செலவிட்டால் சுமார் 30 மைக்ரோமீட்டர் வரும். மைசெல் அதைவிட 6000 மடங்கு சின்னது. சுழலைப் பாதியாக்க வேண்டுமென்றால் சக்தியை 16 மடங்காக்க வேண்டும். புயல் ஊரையே புரட்டிப்போட்டாலும், சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கும் எறும்புக்கு அது தெரியாது. கத்தியின் கை எட்டாத இடத்தில் துகள் பிறக்கிறது.

கை எட்டுவது எதற்கு? சோப்புக்கும் உப்புக்கும். ஸ்மித், எவார்ட் கணக்குப்படி துகள்களின் எண்ணிக்கை சோப்பின் அளவோடு 0.6 அடுக்கிலும், தொடங்கி வைக்கும் உப்போடு 0.4 அடுக்கிலும் ஏறும். சோப்பை இரண்டு மடங்காக்கினால் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆனால் அதே ஸ்டைரீனைப் பங்குபோட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு துகளின் விட்டமும் 13 சதவீதம்தான் குறையும். விட்டத்தைப் பாதியாக்க வேண்டுமா? எண்ணிக்கை 8 மடங்காக வேண்டும். அதற்குச் சோப்பு 32 மடங்கு. இந்த 32ஐ நான் முதலில் போட்டுப் பார்த்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது. ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து மொபைல் கால்குலேட்டரில் திரும்பத் திரும்பத் தட்டினேன். இவ்வளவு பிடிவாதமான ஒன்றை நாங்கள் கத்தியால் மிரட்டிக்கொண்டிருந்தோம்.

*

இந்த அறிவு போர்க்காலத்தில் பிறந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரிக்குள் சிங்கப்பூரும் விழுந்தது. அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வந்துகொண்டிருந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. அந்த ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனதும், திரும்பாதவர்களின் கதையும் நமக்குத் தெரிந்தவை. அதே மாதங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில், அந்தப் பால் இல்லாமல் டயர் செய்வது எப்படி என்று வேதியியலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க அரசு கம்பெனிகளை ஒன்றாக உட்காரவைத்து ஒரு பொதுச் சமையல் குறிப்பைப் பிடித்தது. பியூட்டாடையீன் 75 பங்கு, ஸ்டைரீன் 25, தண்ணீர் 180, சோப்பு 5, பெர்சல்ஃபேட் 0.3, சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்த மெர்காப்டன் 0.5. வெப்பம் 50 டிகிரி. ஆய்வகங்களில் இதைக் கத்தி போட்டுக் கலக்கவில்லை. பாட்டிலில் அடைத்து, வெந்நீர்த் தொட்டிக்குள் ஒரு சக்கரத்தில் மாட்டி, தலைகீழாகவும் நேராகவும் மெல்லச் சுற்றவிட்டார்கள். அந்தச் சாவகாசமான குட்டிக்கரணமே போதுமானதாக இருந்தது. பாட்டிலில் வந்த பதில் தொழிற்சாலைக்குப் போவதற்கான வழியைக் காட்டியது. கலக்கும் விதம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தால் அந்தப் பாட்டில்களில் எதையும் கற்றிருக்க முடியாது.

தமிழில் ரப்பர் மரத்தைப் "பால்மரம்" என்பார்கள். லேட்டெக்ஸ் என்ற சொல்லை நாங்கள் ஆங்கிலத்தில் படித்தோம். "பால்" என்றே சொல்லித் தந்திருந்தால், குடுவையில் முதல் நீலம் வந்தபோது எங்களுக்கு இன்னும் கொஞ்சம் உரிமை தோன்றியிருக்குமோ என்னவோ.

*

படுத்த கோட்டைப் பார்த்து அவள் செய்த காரியம்தான் எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. "சரி, மாறல. எதுவரைக்கும் மாறாது?" என்று கேட்டாள்.

இரண்டு பக்கமும் போனாள். 100 சுற்றுக்கு இறக்கினால், ஸ்டைரீன் தண்ணீரைவிட லேசு என்பதால் மேலே போய்ப் படலமாக நின்றுகொண்டது. மளிகைக்கடை மாடியில், குழந்தைகள் கீழே. ஸ்டைரீன் ஒரு லிட்டர் தண்ணீரில் கால் கிராமுக்குக் கொஞ்சம் கூடத்தான் கரையும். அந்தச் சின்ன வழியில், அவ்வளவு குறைந்த பரப்பிலிருந்து, சாப்பாடு போய்ச் சேரவில்லை. வினை நொண்டியது. 800க்கு ஏற்றினால் வேறு கூத்து. மேலேயிருந்து காற்றை இழுத்துக்கொண்டது. வினை தொடங்கவே தாமதம். கத்தியின் மேல் வெள்ளையாக ரப்பர் மாதிரிக் கட்டி. துகள்கள் வேகமாக மோதும்போது சோப்பின் காவலையும் மீறி ஒட்டிக்கொண்டதால் வந்தது அது. அதையெல்லாம் வடிகட்டி அளந்தபோது துகளின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. குறையவில்லை, கூடியிருந்தது.

இதற்கும் காரணம் உண்டு. துளிகளை மேலும் மேலும் உடைத்தால் அவற்றின் பரப்பு கூடும். அந்தப் பரப்பை மூடச் சோப்பு வேண்டும். அந்தச் சோப்பு மைசெல்லிலிருந்துதான் போக வேண்டும். மைசெல் குறைந்தால் பிறப்பு குறையும், பிறந்தவை பெரிதாகும். சமையலறை விதி தலைகீழாகிவிடுகிறது. 1972இல் ஜப்பானில் நொமுராவும் சகாக்களும் ஸ்டைரீனை வைத்தே கலக்குதலின் விளைவை ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். லைப்ரரியில் அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸைக் கண்டுபிடித்த அன்று அவள் கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தாள். அது ஒரு சாதாரண டீ இல்லை. அவள் யாருக்கும் வாங்கிக்கொடுத்ததே கிடையாது.

ஆக, அந்தக் கோடு ஒரு மேட்டுநிலம். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் சமவெளி. கைடு கேட்ட சரிவு அந்தச் சமவெளியில் கிடைக்காது.

அவள் அதோடும் நிற்கவில்லை. பயோடெக் துறையில் செல்களை உடைக்க ஒரு அல்ட்ராசவுண்ட் கம்பி வைத்திருந்தார்கள். கெஞ்சி வாங்கிவந்தாள். ஸ்டைரீனில் கொஞ்சம் ஹெக்ஸாடெகேன் சேர்த்து, சோப்பை மைசெல் உருவாகாத அளவுக்குக் குறைத்து, அந்தக் கம்பியால் அடித்தால் துளிகளே நூற்றுக்கணக்கான நானோமீட்டருக்கு இறங்கிவிடும். ஹெக்ஸாடெகேன் எதற்கு? இல்லாவிட்டால் சின்னத் துளியின் ஸ்டைரீன் கரைந்து பெரிய துளிக்குப் போய்விடும், ஊரில் சின்னக் கடைகளைப் பெரிய கடை விழுங்குவது போல. தண்ணீரில் கரையவே கரையாத அந்த எண்ணெய், துளியைக் காலி பண்ண விடாமல் பிடித்துவைக்கிறது. உகெல்ஸ்டாட், எல்-ஆசர், வாண்டர்ஹாஃப் மூவரும் 1973இல் காட்டியது இதன் அடிப்படையைத்தான். துளிகள் போதுமான அளவு சின்னதானால் துகள் மைசெல்லில் பிறக்காமல் துளியிலேயே பிறக்கும். மினி எமல்ஷன் என்கிறார்கள். அங்கே கோடு சாய்ந்தது. அடிக்கும் நேரம் கூடக் கூட அளவு குறைந்தது, பிறகு ஒரு கட்டத்தில் நின்றது.

தெர்மாகோல் கதையும் இதே ஸ்டைரீன்தான். கொலுவுக்கும் கல்யாண மேடைக்கும் வெட்டுகிறோமே, அது. உப்புக்குப் பதிலாக எண்ணெயில் கரையும் தொடக்கியைப் போட்டு, சோப்புக்குப் பதிலாகத் துளிகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் வேறொரு பொருளைப் போட்டால், ஒவ்வொரு துளியும் அப்படியே இறுகி மணியாகும். மில்லிமீட்டர் அளவு மணிகள். அங்கே கத்தியின் கை நன்றாக எட்டும். வேகம்தான் அளவைத் தீர்மானிக்கும். ஒரே ஸ்டைரீன், ஒரே தண்ணீர், ஒரே கத்தி. பிறக்கும் இடம் எது என்பதைப் பொறுத்துக் கலக்குதல் சில நேரம் எல்லாமாகவும், சில நேரம் ஒன்றுமில்லாததாகவும் இருக்கிறது.

வைவாவில் வெளியிலிருந்து வந்தவர் படுத்த கோட்டில் விரலை வைத்தார். "மூணு மாசம் கலக்கி, ஒண்ணுமே மாறலையாம்மா?"

"மாறலைங்கிறதுதான் சார் ரிசல்ட்."

"இதனால இண்டஸ்ட்ரிக்கு என்ன யூஸ்?"

"பெரிய மோட்டார் வாங்க வேண்டாம் சார்."

அவர் சிரித்தார். கைடு சிரிக்கவில்லை. எல்லோருக்கும் கிடைத்த மார்க்தான் எங்களுக்கும் கிடைத்தது. அவள் கேட்ட கடிதம் மட்டும் வரவில்லை. மறுப்பும் வரவில்லை. "பாக்கலாம்மா" என்பது விண்ணப்பத் தேதி முடியும்வரை "பாக்கலாம்மா"வாகவே இருந்தது. அடுத்த வருஷம் கேட் எழுதினாள். அதற்கு யாருடைய கடிதமும் தேவைப்படவில்லை.

*

கலக்குவதிலிருந்து தப்பிக்க விண்வெளிவரை போனவர்களும் உண்டு. ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் உருண்டைகள் நுண்ணோக்கிகளுக்கும் ரத்த அணு எண்ணும் கருவிகளுக்கும் அளவுகோலாக வேண்டும். சின்ன அளவுகள் எளிது. சின்ன உருண்டையை விதையாக எடுத்து, அதற்கு ஸ்டைரீன் ஊட்டி, வீங்கவைத்து, இறுக்கி, மறுபடி ஊட்டலாம். சில மைக்ரோமீட்டரைத் தாண்டும்போது பிரச்சினை தொடங்கும். ஸ்டைரீன் ஊறிய உருண்டை மேலே மிதக்கும், இறுகியது கீழே அமரும். பிரியாமல் வைக்கக் கலக்க வேண்டும். கலக்கினால் மோதி ஒட்டிக்கொள்ளும். இங்கே கத்தி எதிரி, ஆனால் அது இல்லாமலும் முடியாது. காரணம் புவியீர்ப்பு.

லீஹை பல்கலைக்கழகத்தின் வாண்டர்ஹாஃபும் சகாக்களும் புவியீர்ப்பையே கழித்துவிடலாம் என்றார்கள். 1982 மார்ச்சில் கொலம்பியா விண்கலத்தில் அவர்களுடைய சின்னக் கொதிகலன் போனது. மிக மெதுவான அசைவே போதும் என்ற இடத்தில் உருண்டைகள் வளர்ந்தன. 1985இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அந்த 10 மைக்ரோமீட்டர் உருண்டைகளை விற்பனைக்கு வைத்தது. விண்வெளியில் செய்து பூமியில் விற்கப்பட்ட முதல் பொருள் அது.

இதில் எனக்குப் பிடித்தது கதையின் மறுபாதி. 1970களின் பிற்பகுதியிலேயே நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் உகெல்ஸ்டாட், விதை உருண்டைகள் ஸ்டைரீனை மிக அதிகமாக உறிஞ்சும்படி ஒரு வழி கண்டுபிடித்து, ஒரே அளவுள்ள பெரிய உருண்டைகளைத் தரையிலேயே செய்துவிட்டார். பின்னாளில் அவற்றுக்குள் இரும்பு ஆக்சைடு ஏற்றப்பட்டு, காந்தத்தால் செல்களைப் பிரித்தெடுக்கும் மணிகள் ஆயின. உலகத்தின் பல மருத்துவ ஆய்வகங்களில் இன்றும் இருக்கின்றன. ஒருவர் வெளியே இருக்கும் விசையைக் கழிக்கப் பார்த்தார். இன்னொருவர் உருண்டைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார். இரண்டுமே வேலை செய்தது. செலவு மட்டும் வேறு.

*

என் வேலையில் ஸ்டைரீன் வாசனை கிடையாது. ஆனால் படுத்த கோடுகள் ஏராளம். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவோம், பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. இரண்டு வாரம் கழித்து எண்கள் வரும். பெரும்பாலான நேரம் வித்தியாசம் இருக்காது. "வித்தியாசம் இல்லை" என்று எழுதி அனுப்பினால், "இன்னும் ரெண்டு வாரம் ஓட்டிப் பாக்கலாமே" என்பார்கள். "ஆண்ட்ராய்டு யூசர்ஸ் மட்டும் எடுத்துப் பாருங்க" என்பார்கள். பென்சில் வட்டம்தான், வேறு உருவத்தில். எதையாவது கலக்கிக்கொண்டேயிருப்பவர்தான் உழைப்பவர் என்ற கணக்கு எல்லா அலுவலகத்திலும் உண்டு. கோடு சாயாவிட்டால் கலக்கியது வீண் என்று பயப்படுகிறார்கள். அது கை எட்டாத இடத்தைக் காட்டித் தருகிறது என்று எடுத்துக்கொள்ள ஏனோ யாருக்கும் பொறுமையில்லை. வித்தியாசம் இல்லை என்று ரிப்போர்ட்டின் முதல் வரியில் எழுதும் பழக்கம் எனக்கு அவளிடமிருந்து வந்தது.

போன வருஷம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர் அண்ணன் வாளிக்குள் குச்சியை விட்டு அடியிலிருந்து மேல்வரை நிதானமாகக் கலக்கினார். "நல்லா கலக்கினாத்தான் சார் சுவத்துல திட்டுத்திட்டா வராது." அவர் சொன்னது சரி. அடியில் தங்கிய நிறப்பொடியை மேலே கொண்டுவர வேறு வழியில்லை. கலக்குதல் சமமாக்கும். சமமாக்குவது சின்ன வேலையும் இல்லை. அந்த வாளிக்குள் இருந்த உருண்டைகளின் அளவு மட்டும் அவர் கைக்கு வருவதற்கு முன்பே வேறொரு பாத்திரத்தில், அநேகமாக முதல் அரை மணி நேரத்துக்குள், முடிவாகிவிட்டது.

அவள் இப்போது அப்படிப்பட்ட பாத்திரங்களோடு வேலை செய்கிறாள். எங்கள் குடுவை அரை லிட்டர். அவளுடையது பல ஆயிரம் லிட்டர். அங்கே கலக்குதல் மறுபடி பெரிய விஷயமாகிவிடும் என்கிறாள். ஒரு கிலோ ஸ்டைரீன் இறுகும்போது சுமார் 670 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். பாத்திரத்தின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் உள்ளே இருப்பது 8 மடங்கு, வெப்பம் வெளியேறும் சுவர் 4 மடங்குதான். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு மூலை சூடாகும், ஒரு மூலை பட்டினி கிடக்கும். அதனால் தொழிற்சாலைகளில் மோனோமரை ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாக விடுகிறார்கள். சிலர் மோனோமரை அப்படியே விடுவார்கள், சிலர் தனித்தொட்டியில் தண்ணீரும் சோப்பும் சேர்த்துக் கலக்கிய பிறகு விடுவார்கள். இரண்டாவது வழியில் சோப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டால், பாதி வழியில் புதிய மைசெல்கள் முளைத்து, பெரியவர்களுக்கு நடுவே திடீரென்று ஒரு குழந்தைக் கூட்டம் பிறந்துவிடும். எல்லாவற்றின் அளவும் கெட்டுப்போகும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டுத்தான் போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கிராஃப் தாளில் கையால் போட்ட புள்ளிகள். அழகான சரிவு. எங்கள் கைடு பார்த்திருந்தால் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார். "கலக்கிட்ட" என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது: "இவ்ளோ நேரா சாயுது. நம்பிக்கையா இல்ல. ரெண்டாவது தடவ ஓட்டிட்டு இருக்கேன், நாளைக்குச் சொல்றேன்."